புளியமரமும் ஒரு சேணமும்

என் தங்கை மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பொறியாளனாகப் பணிபுரிகின்றான். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவன், "மாமா, நான் இங்கே சேண வேட்டை பழகிக்கொண்டிருக்கிறேன்" என்றான். எனக்கு உள்ளம் பூரித்துப் போயிற்று. இராவுத்தர் என்னும் சொல்லுக்கே குதிரை வீரர் என்பதுதானே பொருள்? பாட்டன் பூட்டன் காலத்தோடு நம் குடும்பங்களில் குதிரை போயிற்று, சேணமும் போயிற்று, பெயர் மட்டும் மிஞ்சியது. இந்தப் பிள்ளை ஏழு கடலுக்கு அப்பால் போய் அந்தச் சேணத்தின் மீது ஏறி அமர்ந்துவிட்டானே என்று மகிழ்ந்து, "குதிரை என்ன நிறம்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் ஒரே சிரிப்பு. "குதிரை இல்லை மாமா, மரம்!"

அதன் பிறகுதான் விளக்கினான். அந்நாட்டில் வெள்ளைவால் மானை வேட்டையாடுவதற்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு. மிச்சிகனில் வில் வேட்டைப் பருவம் அக்டோபர் முதல் நாளில் தொடங்குகின்றது. வில்லால் எய்வதென்றால் மான் இருபது, முப்பது அடி எடுத்துவைக்கும் தொலைவுக்குள் வந்தாக வேண்டும். மானுக்கோ மூக்கு நம்மைக் காட்டிலும் பன்மடங்கு கூர்மை, காதும் கூர்மை. ஆகவே மரத்தின் மேல் பதினைந்து இருபது அடி உயரத்தில் ஒளிந்திருக்கின்றார்கள். பலர் இரும்பு நாற்காலி போன்றதொரு இருக்கையை மரத்தில் மாட்டி அமர்வது வழக்கம். சிலர் அதனை விட்டு, இடுப்பையும் தொடையையும் தாங்கும் ஒரு துணித்தொட்டிலை உடுத்துக்கொண்டு, அதிலிருந்து செல்லும் கயிற்றை அடிமரத்தைச் சுற்றித் தலைக்கு மேலே கட்டி, கட்டிய கயிற்றில் சாய்ந்தபடியே தொங்குகின்றார்கள். அந்தத் தொட்டிலுக்குத்தான் அவர்கள் சேணம் என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். குதிரைக்கும் அதற்கும் ஓர் உறவும் இல்லை.

அவனுடைய தாயார், அதாவது என் தங்கை, அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை. "கயிற்றில் தொங்குகிறானாம் அண்ணா! சம்பளம் போதாமலா மான் பிடிக்கப் போகிறான்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். எனக்கு எழுந்த கேள்வி வேறு. அந்த இறைச்சியை உண்ணலாமா என்று அவனிடம் வினவினேன். அவன் அதனை முன்னரே விசாரித்து வைத்திருந்தான். வேட்டைப் பொருள் ஆகுமானது என்பது அல்மாயிதா அத்தியாயத்திலேயே உள்ளது. அம்பை விடும்போது இறைவன் பெயரைக் கூற வேண்டும். அம்பின் கூர்முனை தைத்திருக்க வேண்டும், தட்டையாக மோதிச் செத்ததாக இருத்தல் கூடாது. எய்யப்பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால் அதனை விட்டுவிட வேண்டும். இவையெல்லாம் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களின் கேள்விகளுக்கு விடையாக ஹதீஸ் நூல்களில் வந்திருப்பவை. பிள்ளை அதனை எனக்கே எடுத்துச் சொன்னபோது, கேட்ட நான்தான் சற்று நாணினேன்.

ஆனால் அன்று அவன் சொன்னவற்றுள் என் நெஞ்சில் தைத்தது மற்றொன்று. "மாமா, இதில் ஒரே ஒரு சட்டம்தான். தரையை விட்டுக் கால் எழும்பும் நொடியிலிருந்து மறுபடியும் கால் தரையைத் தொடும் நொடி வரைக்கும் ஏதாவது ஒரு கயிறு நம்மையும் மரத்தையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்" என்றான்.

நான் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்குரிய காரணத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் தர்மபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டை. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் பெயரைத் தாங்கிய ஊர். கோட்டை இருந்ததற்கு அடையாளமாக மண்மேடுகள் உண்டு. சென்றாயப் பெருமாள் கோயிலின் மேற்கூரை ஓவியங்களைப் பார்க்க வெளியூரிலிருந்து மாணவர்கள் வருகின்றார்கள். என் பிள்ளைப் பருவத்தில் சாலையின் இரு மருங்கிலும் புளியமரங்கள் கைகோத்து நின்றன. நான்குவழிச் சாலை வந்தபோது பெரும்பாலானவை போயின. தெற்கே போகப் போகத் தொப்பூர் மலைகள். அந்த மலைப்பக்கமாக எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மேட்டுநிலம் இருக்கின்றது. நிலத்தின் மூலையில் ஒரு புளியமரம். அது எந்தச் சாலைக்கும் குறுக்கே நிற்கவில்லை. ஆதலால் இன்றும் நிற்கின்றது.

அந்த மரத்தில்தான் என் பெரியத்தா, மர்ஹூம் அவர்கள், பரண் கட்டுவார்கள்.

ஐப்பசி பிறந்தால் நிலக்கடலை முற்றும். முற்றியதும் காட்டுப்பன்றி வந்துவிடும். ஒரே இரவில் பத்துப் பன்றிகள் சேர்ந்து அரை ஏக்கரை உழுது போட்டுவிடும். பெரியத்தாவிடம் பயிர்க்காவலுக்காக உரிமம் பெற்ற ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பன்றி நமக்கு ஹராம். விழுந்தால் விடியற்காலையில் ஆள் அனுப்பிப் பக்கத்து ஊரார் தூக்கிச் செல்வார்கள். பெரியத்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆயினும், பன்றிக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட பாடு இருக்கின்றதே, அதனை ஒரு கலையென்றே சொல்ல வேண்டும்.

பரணை அன்றன்று கட்டமாட்டார்கள். நான்கு நாள் முன்னதாகவே பகல் வேளையில் மூன்று மூங்கில் கழிகளை மரத்தின் கவையில் குறுக்காக வைத்துக் கற்றாழை நார்க்கயிற்றால் இறுக்குவார்கள். கம்பி கூடாது, அது கிரீச்சிடும். காய்ந்த மூங்கிலும் மூங்கிலும் உரசுகின்ற இடங்களில் எல்லாம் சாக்குத் துண்டைச் செருகுவார்கள். மேலே பரப்பும் வைக்கோலில் மாலையில் இலேசாக நீர் தெளிப்பார்கள். உலர்ந்த வைக்கோல் சிறிது அசைந்தாலும் சரசரக்கும் அல்லவா? மரத்தடியிலிருந்து வரப்பு வரைக்கும் உதிர்ந்த சருகைப் பெருக்கிவிடுவதே என் வேலை. அஸருக்குப் பிறகு வெற்றிலைப் பெட்டி வீட்டிலேயே தங்கிவிடும். அத்தர் பூசமாட்டார்கள். எருக்கங்காயை உடைத்து ஒரு துளிப் பஞ்சைக் காற்றில் விட்டு, அது எத்திசை போகின்றதென்று பார்த்து, அத்திசையில் பன்றித் தடம் இருந்தால் அன்றைக்குக் காவலே இல்லை, வீடு திரும்பிவிடுவோம். மரத்தில் ஏறியதும், உடன் வந்த ஆட்கள் இருவரும் உரக்கப் பேசிக்கொண்டே ஊரை நோக்கி நடப்பார்கள். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று காட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் விலங்கு நம்பிவிட வேண்டும், அதற்காகத்தான்.

இந்த உபாயம் பெரியத்தாவின் கண்டுபிடிப்பு அன்று. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) நம் மாவட்டத்துப் பென்னாகரம், ஒகேனக்கல் பக்கங்களிலும் அஞ்செட்டி, சவளகிரிக் காடுகளிலும் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்தவர். 1954-ல் வெளியான முதல் நூலிலிருந்து அவர் எழுதியவற்றையெல்லாம் பிற்காலத்தில் படித்தபோது, மரத்தின் மேல் இரவு முழுதும் அசையாமல் இருந்த இரவுகள் அவற்றில் நிறைந்திருக்கக் கண்டேன். அவருக்கும் ஈராயிரம் ஆண்டு முன்பே குறிஞ்சி நிலத்தார் தினைப்புனத்தில் பரண் கட்டிக் காத்ததைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. பரணுக்கு இதணம், கழுது என்றெல்லாம் பெயர் இட்டிருக்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் கிளி ஓட்டும் பெண்களின் கையில் தழல், தட்டை, குளிர் என்னும் ஓசைக் கருவிகள் உள்ளன. ஓசை எழுப்பிக் காக்கும் காவல் ஒன்று. ஓசையை அடக்கிக் காக்கும் காவல் மற்றொன்று. பெரியத்தாவினுடையது இரண்டாம் வகை.

இத்தனை நுணுக்கமும் அறிந்த அவர்கள் தம்மை மட்டும் மரத்தோடு கட்டிக்கொண்டதே இல்லை. அக்காலத்தில் எவரும் கட்டிக்கொள்வதில்லை.

1968 ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினொன்று. நெடுநாள் கெஞ்சியதன் பேரில் ஓரிரவு என்னையும் நிலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மரத்தில் ஏற்றவில்லை, இருபது முப்பது அடி தள்ளியிருந்த காவல் குடிசைக்குள் போர்வையும் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். "என்ன கேட்டாலும் வாய் திறக்காதே. பஜ்ருக்கு நானே வந்து எழுப்புகிறேன்" என்பதுதான் கட்டளை. தலையை ஆட்டினேன்.

நள்ளிரவில் விழித்துக்கொண்டேன். குடிசையின் கீற்றுக்கு அப்பால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும் அண்மையில், ஏதோ ஒன்று மூச்சு விட்டு உறுமியது. மண்ணைக் கிளறும் ஓசை. ஒன்றல்ல, பல. அடக்கினேன், அடக்க முடியவில்லை. "பெரியத்தா!" என்று அலறிவிட்டேன்.

பன்றிகள் சிதறி ஓடின. அந்த ஓட்டத்தின் ஓசைக்கு நடுவே, மரத்தின் பக்கமிருந்து, நிறைசாக்கு ஒன்றைக் கீழே போட்டாற்போல ஓர் ஓசை கேட்டது.

பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று இருட்டில் துப்பாக்கியையும் விட்டுவிட்டு விரைந்து இறங்கியவர்கள் இரண்டாள் உயரத்திலிருந்து விழுந்துவிட்டார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. நாட்டு வைத்தியர் கட்டினார், கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. 1989-ல் இறையடி சேரும் வரை இருபத்தோர் ஆண்டுகள் இடக்காலை இழுத்து இழுத்தே நடந்தார்கள். தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்பில் அமர இயலாமல் காலை நீட்டியே அமர்வார்கள். ஜமாஅத்தில் பின்வரிசையில் இருந்து அந்த நீட்டிய காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓதியது மறந்துபோகும்.

விடிந்ததும் ஊரே கூடி என்ன நடந்ததென்று கேட்டது. "மரம் ஈரமாக இருந்தது, கால் வழுக்கிவிட்டது" என்றார்கள். அத்தாவிடமும் அதையே சொன்னார்கள், பெரியம்மாவிடமும் அதையே. அன்று மழை பெய்யவில்லை. வானம் நிறைய விண்மீன்கள் இருந்தன. என் திருமணத்துக்கு முதல் நாள் இரவு துணிவை வரவழைத்துக்கொண்டு, "பெரியத்தா, அன்றைக்கு நான்..." என்று தொடங்கினேன். "மரம் ஈரமாக இருந்தது, தம்பி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

சென்ற டிசம்பரில் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தான். தோளில் ஒரு பை. அதற்குள் அந்தச் சேணம்! நான் பதறிப்போய், இங்கே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்னும் பேச்சுக்கே இடமில்லை என்று எடுத்துச் சொன்னேன். 2025-ன் தொடக்கத்தில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைப் பற்றி அறிவித்தபோதும், காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையினரே சுடலாம் என்றுதான் அறிவித்தது, நாமல்ல. "தெரியும் மாமா. வில்லெல்லாம் அங்கேயே இருக்கிறது. நம் மரவள்ளியை எத்தனை பன்றி தின்கிறது, எந்த வழியாக வருகிறது என்று மேலே இருந்து எண்ணிப் பார்க்கலாம் என்றுதான்" என்றான்.

அதற்கும் ஒரு தேவை இருந்தது. பரண் காவல் எங்கள் பக்கம் அருகிவிட்டது. இரவில் கண்விழிக்க ஆளில்லை, கூலி கட்டாது. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சிவிட்டு வீட்டில் உறங்குவோர் இருக்கின்றார்கள். 2023 மார்ச்சில் நம் மாவட்டத்து மாரண்டஹள்ளி அருகே அவ்வாறு பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரு குட்டிகள் தாயற்று நின்றன. எங்கள் குத்தகைதாரரும் அந்த மின்வேலிப் பேச்சை எடுத்திருந்தார். வழி தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் கல்வேலி எழுப்பலாம் என்பது என் எண்ணம்.

இரண்டு நாள் அவன் வீட்டு முற்றத்துத் தென்னையில் பயின்றான். தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மேல் ஏறவேயில்லை. பையிலிருந்து பொருளை எடுப்பதும் வைப்பதும், கண்ணைக் கட்டிக்கொண்டு மறுபடியும் எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தான். எது முதலில் வேண்டுமோ அது மேலே. எது கடைசியில் வேண்டுமோ அது அடியில். இருட்டில் பைக்குள் கையை விட்டுத் துழாவுவதுதான் ஓசைக்கு முதற்காரணம் என்றான். இரும்பும் இரும்பும் தொடக்கூடிய இடம் ஒவ்வொன்றிலும் துணிப்பட்டை சுற்றியிருந்தான். அதைப் பார்த்ததும் மூங்கிலுக்கு நடுவே செருகிய சாக்குத் துண்டு என் கண்முன் வந்தது. கொக்கியை மாட்டும்போது விரலை நடுவே வைத்து, 'டிக்' என்னும் ஓசை எழாதபடி மெல்ல மூடினான்.

மூன்றாம் நாள் பிற்பகல் நிலத்துக்குப் போனோம். அவன் நேரே புளியமரத்தடிக்குப் போய் நின்றான். என் நெஞ்சு படபடத்தது. அடிமரத்தைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, "இது உதவாது மாமா. இவ்வளவு பருத்த மரத்தைச் சுற்றிக் கயிறு போடுவது கடினம்" என்று சொல்லி, பத்தடி தள்ளி நின்ற வேம்பைத் தேர்ந்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

காற்றைப் பார்க்க வேண்டும் என்றான். நான் வரப்போரத்து எருக்கங்காயை உடைத்துப் பஞ்சைப் பறக்கவிட்டேன். வியந்துபோனான். அங்கேயும் வேட்டைக்காரர்கள் பால் வடியும் ஒரு செடியின் பஞ்சைத்தான் சட்டைப்பையில் வைத்திருப்பார்களாம். அது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்ததுதானாம். "இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான். "உன் பெரிய நன்னா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

அஸர் தொழுதுவிட்டு அவன் ஏறத் தொடங்கினான். அதனை நான் நின்று பார்த்தேன். முதலில் இடுப்பின் இருபுறத்தையும் இணைக்கும் ஒரு கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான்; மின்கம்பத்தில் ஏறுவோர் போடும் கயிறு போன்றது. பின்னர் ஒரு முழ நீள ஏணித்துண்டு ஒன்றை மரத்தில் பட்டையால் இறுக்கி, அதன் மேல் ஏறி நின்று, அடுத்த துண்டை அதற்கு மேலே இறுக்கினான். இடுப்புக் கயிறு அவனோடு கூடவே மேலேறிற்று. நான்கு துண்டுகள். உச்சியில் இரண்டு பாதம் மட்டுமே கொள்ளும் ஒரு சிறு தட்டைப் பொருத்தினான். தலைக்கு மேலே தாங்கு கயிற்றைக் கட்டிச் சேணத்தோடு பிணைத்து, முழு எடையையும் அதில் இறக்கிப் பார்த்து, அது தாங்குகின்றது என்று உறுதியான பின்னர்தான் ஏறுகயிற்றைத் தளர்த்தினான். பையைக் கையில் கொண்டு ஏறவில்லை. மெல்லிய கயிறொன்றால் கீழிருந்து இழுத்துக்கொண்டான். எல்லாம் கால் மணி நேரம். ஒரு காகம்கூட எழும்பவில்லை. மரத்தை நோக்கியவாறு அடிமரத்துக்குப் பின்னே சாய்ந்து தொங்கியபோது, வேம்புக்கு ஒரு கிளை கூடினாற்போல இருந்ததேயன்றி ஆள் இருப்பது தெரியவில்லை.

பழைய காவல் குடிசை இருந்த இடத்தில் இப்போது மோட்டார் கொட்டகை. அதற்குள் எனக்கு இடம். பையை இழுத்த அந்த மெல்லிய கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்திருந்தான். "மாமா, கூப்பிடாதீர்கள். ஒருமுறை இழுத்தால் நலம் என்று பொருள். இரண்டு முறை இழுத்தால் நான் இறங்குகிறேன் என்று பொருள். நீங்களும் அப்படியே இழுக்கலாம்." குத்தகைதாரரும் அவர் மகனும் உரக்கப் பேசிக்கொண்டே ஊர்ப்பக்கம் போனார்கள். அது என்னுடைய ஏற்பாடு.

மஃரிப், இஷா இரண்டையும் கொட்டகைக்குள்ளேயே தொழுதேன். குளிர் ஏறியது. மணி பத்திருக்கும். மரவள்ளித் தண்டு முறியும் ஓசை முதலில் கேட்டது. பிறகு உறுமல். அது நகர்ந்து நகர்ந்து கொட்டகைச் சுவருக்கு அப்பால் வந்து நின்றது. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே மூச்சு. அறுபத்தெட்டு வயதில் பன்றிக்கு அஞ்சினேன் என்று சொன்னால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். பன்றிக்கு அஞ்சவில்லை. என் தொண்டைக்கு அஞ்சினேன். சால்வையின் நுனியைப் பல்லிடையே வைத்துக் கடித்துக்கொண்டேன். கையிலிருந்த கயிறு ஒருமுறை இழுபட்டது. நானும் ஒருமுறை இழுத்தேன்.

ஒருமணி நேரம் கழித்துக் கிளறும் ஓசை ஓய்ந்தது. கயிறு இரண்டு முறை இழுபட்டது. வெளியே வந்து நின்றேன். விளக்கைப் போடாமலே அவன் இறங்கினான். முதலில் ஏறுகயிறு, பிறகே தாங்கு கயிற்றின் அவிழ்ப்பு. ஒரு துண்டு, நின்று கயிற்றைத் தாழ்த்துதல், அடுத்த துண்டு. விரைவாக வா என்று என் உள்ளம் அடித்துக்கொண்டது. அவனோ ஏறியதைக் காட்டிலும் மெதுவாகவே இறங்கினான். இரு கால்களும் மண்ணில் ஊன்றிய பிறகுதான் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

"பதினான்கு மாமா. எல்லாமே தென்கிழக்கு மூலையிலிருக்கும் ஓடை வழியாகத்தான் வந்தன. அங்கே மட்டும் முப்பதடி அடைத்தால் போதும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயந்துவிட்டீர்களா?" என்று கேட்டான்.

வரப்பில் அமர்ந்து, அந்தப் புளியமரத்தைக் காட்டி, முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். குடிசை, உறுமல், என் அலறல், சாக்கு விழுந்தாற்போன்ற ஓசை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டான், இடையில் பேசவில்லை. முடிந்த பின், "பெரிய நன்னா உங்களைக் கோபிக்கவே இல்லையா மாமா?" என்றான்.

"மரம் ஈரமாக இருந்ததாம்" என்றேன்.